பார்க்காமல் போடுவதற்குக் கையெழுத்து எதற்கு?

முந்தாநாள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நம் பொது நிதியின் கிரிப்டோ வாலட்டிலிருந்து ஒரு புது முகவரிக்குப் போக வேண்டிய பணத்துக்கு நான் கையெழுத்து (டிஜிட்டல் ஒப்புதல்) போடாமல் நிறுத்தி வைத்ததற்குக் குழுவில் வந்த பதில்: "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" இரண்டு நாளாக அந்த ஒரு வரி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

மல்டிசிக் வாலட், அதாவது பலர் ஒப்புதல் தந்தால்தான் திறக்கும் வாலட், வேண்டும் என்று முடிவெடுத்தது எல்லோரும் சேர்ந்துதான். ஐந்து பேரிடம் ஐந்து சாவி. மூன்று கையெழுத்து விழுந்தால்தான் பணம் நகரும். ஒருவர் ஏமாந்தாலும் அடுத்தவர் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடு? முதல் ஆள் போட்டுவிட்டார் என்று இரண்டாவது ஆளும், இரண்டு பேர் போட்டுவிட்டார்கள் என்று மூன்றாவது ஆளும் போட்டால், அங்கே இருப்பது ஒரே கையெழுத்துதான்.

"தேவையில்லாத பயம்" என்கிறார்கள். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து 4 லட்சம் ஈதர் நாணயங்களுக்கு மேல் திருடுபோனது, ஏறக்குறைய 150 கோடி டாலர். அதுவும் மல்டிசிக் வாலட்தான். சாவியை யாரும் திருடவில்லை. கையெழுத்துப் போட்டவர்களும் வெளியாட்கள் இல்லை. திரையில் வழக்கமான பணமாற்றம் போலத் தெரிந்தது. உண்மையில் கையெழுத்தானது வாலட்டின் நிரலையே மாற்றிவிடும் கட்டளை. அவர்கள் ஒருவரையொருவர் நம்பாமலா இருந்தார்கள்?

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. ஒருமுறை நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், ஹார்டுவேர் வாலட்டின் (சாவியை வைத்திருக்கும் சிறு கருவி) குட்டித் திரையில் பணம் போக வேண்டிய முகவரியின் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். நடுவில் இருந்த 32 எழுத்துகள் வேறு. பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் மோசடிக்காரர் நுழைத்துவிட்டிருந்த போலி முகவரி அது. யாரோ அங்கிருந்தே நகலெடுத்திருந்தார்கள். அடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தோம். அவர் என்மேல் சந்தேகப்பட்டார் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன்.

"அப்படியென்றால் ஒரே சாவி போதுமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஒரு சாவி தொலைந்தால் மொத்தமும் போச்சு, அவ்வளவுதான்.

"உன்னால் தாமதம்" என்பதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பணம் வர வேண்டியவர் காத்திருக்கிறார், உண்மைதான். ஆனால் பரிவர்த்தனை வந்த பத்தாவது நிமிடமே கேட்டேனே: இந்தப் புது முகவரியை யார் தந்தது, வேறு வழியில் அவரிடமே பேசி உறுதிசெய்தீர்களா என்று. அதற்குப் பதில் எழுத ஒருவருக்கும் நேரம் இல்லை. என்னைப் பற்றி எழுத எல்லோருக்கும் நேரம் இருந்தது. சரி, கோபத்தில் ஒரு வார்த்தை வந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் கூட இருந்தவர்கள், ஒருவராவது தனியாக அழைத்து "என்ன பிரச்சினை?" என்று கேட்டிருக்கலாம். அதுதான் வலிக்கிறது.

இப்போது என்னை நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்க்கலாம் என்று பேச்சு. அதற்கும் மூன்று கையெழுத்து வேண்டும். அதையாவது படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அந்தப் பரிவர்த்தனை இன்னும் வரிசையில்தான் நிற்கிறது. இரண்டு கையெழுத்து விழுந்திருக்கிறது. முகவரி எங்கிருந்து வந்தது என்று இப்போது சொன்னாலும் சரி, சரிபார்த்துவிட்டு மூன்றாவதை நானே போடுகிறேன்.