எல்லா பஸ்ஸும் இலவசம் இல்லை

"சென்னையில் பெண்களுக்கு எந்த பஸ்ஸிலும் டிக்கெட் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களுக்கு, அதாவது நாம் 'ஒயிட் போர்டு' என்று சொல்வதற்கு மட்டும்தான். டீலக்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் காசு கொடுத்தே ஆக வேண்டும். மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் இந்தத் திட்டத்தில் சம்பந்தமே இல்லை.

குழப்பம் வருவது தடம் எண்ணால். ஒரே எண்ணில் சாதாரண பஸ்ஸும் வரும், டீலக்ஸும் வரும். ஊரிலிருந்து வந்த என் அத்தை எண்ணை மட்டும் பார்த்து டீலக்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் காசு கேட்டதும், "லேடீஸுக்கு ஃப்ரீதானே தம்பி?" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே நின்றார். பின்னால் வெள்ளை போர்டு வந்துகொண்டிருந்தது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அதில் ஏறிக்கொண்டோம்.

அப்புறம், ஒயிட் போர்டில் ஏறினாலும் டிக்கெட் வாங்க வேண்டும். காசு கிடையாது, சீட்டு உண்டு. அதைக் கசக்கி ஜன்னல் வழியே எறியாதீர்கள், செக்கிங் வந்தால் கேட்பார்கள். முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ் 'லேடீஸ் ஸ்பெஷல்' என்பதும் தப்பு. ஆண்களும் டிக்கெட் எடுத்துத் தாராளமாக ஏறலாம்.