ரசல் ஆலை: வென்றது கடைப் புறக்கணிப்பு அல்ல

"மக்கள் ரசல் சட்டை வாங்காததால்தான் ஹோண்டுராஸ் தொழிலாளர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது" என்பது தவறு. ரசல் என்ற அமெரிக்க விளையாட்டு ஆடை நிறுவனம், மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் 2009-இல் மூடிய ஆலையில் தொழிற்சங்கம் இருந்தது. ஆர்டர் குறைவே காரணம் என்றது நிறுவனம். சங்கத்தின் மீதான பகையும் முக்கியக் காரணம் என வொர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து எழுதியது. அந்த அறிக்கையோடுதான் அமெரிக்க மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக நிர்வாகங்களை நெருக்கினார்கள். பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த ஆடைகளுக்கான உரிம ஒப்பந்தத்தில் தொழிலாளர் நடத்தை விதிகள் உண்டு. அவற்றை மீறியதற்காகப் பல பல்கலைக்கழகங்கள் உரிமத்தை ரத்து செய்தன. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, சுமார் 1,200 பேருக்கு வேலை தரச் சம்மதித்தது.

எந்த ஆலையின் பொருளுக்கும் புறக்கணிப்பு அறிவிக்குமுன் அங்குள்ள சங்கத்தைக் கேளுங்கள். ஆர்டர் சரிந்தால் மிச்சமிருப்பவர்களின் வேலையும் போகும்.