பிரசவ பேக்கேஜில் தாய்ப்பால் எங்கே?

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போனால் பேக்கேஜ் விவரம் என்று ஒரு தாள் தருவார்கள். டீலக்ஸ் ரூம், குழந்தைக்கு போட்டோஷூட், கூட இருப்பவருக்குச் சாப்பாடு, டிஸ்சார்ஜ் அன்று கேக். முதல் மூன்று நாள் பால் கொடுக்கச் சொல்லித்தர யார் வருவார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. கேட்டால், "சிஸ்டர் பாத்துப்பாங்க மேடம்".

சிஸ்டர் பாவம், ராத்திரி டியூட்டியில் எத்தனை ரூமைத்தான் பார்ப்பார்? குழந்தை வீறிடுகிறது. தையல் வலியில் அம்மாவால் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. "பால் பத்தலை போல" என்கிறார் மாமியார். பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைச் சரியாகப் பிடிக்க வைத்துப் பழக்க அரை மணி நேரமாவது வேண்டும். பவுடர் பால் கலக்க இரண்டு நிமிஷம். என் தங்கையின் குழந்தைக்குப் பவுடர் பால்தான் கொடுத்தார்கள். காலையில்தான் சொன்னார்கள்.

பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சில மில்லிதான் கொள்ளும். கொஞ்சமாக வரும் சீம்பாலே அதற்குப் போதும். பவுடர் பாலில் வயிறு நிரம்பிய குழந்தை அசந்து தூங்கிவிடும், சப்பாது. சப்பாவிட்டால் பால் சுரப்பும் குறையும். அப்புறம் மூன்றாம் நாள் "இவளுக்குப் பாலே இல்லை" என்ற பேச்சு நிஜமாகிவிடும். (பிறந்ததும் நாக்கில் இனிப்பு தொட்டு வைக்கிற சேனை வைத்தாயிற்றா என்று கேட்கும் பெரியவர்களைச் சமாளிப்பது தனிக் கதை.)

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் கிட்டத்தட்ட 64 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம், கைத்துணையும் கூடுதலாக வேண்டும். அவர்கள் அதிகம் இருக்கிற இடத்தில்தான் அந்தத் துணை பேக்கேஜில் இல்லை. அரசுப் பக்கம் 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது. லட்சக்கணக்கில் பில் போடுகிற இடங்களால் பால் கொடுக்கச் சொல்லித்தர ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாதா?

பவுடர் பால் விளம்பரத்தையும் இலவச சாம்பிளையும் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆனால் போஸ்டரைக் கழற்றினால் மட்டும் பால் வந்துவிடாது, ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான செலவு பேக்கேஜுக்குள்ளேயே இருக்க வேண்டும், தனி பில்லாக அல்ல. டிஸ்சார்ஜ் ஆகும் குழந்தைகளில் எத்தனை பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்துப் போகிறார்கள் என்ற கணக்கையும் ரிசப்ஷனில் ஒட்டட்டும். மருத்துவக் காரணம் இருந்தால் பவுடர் பால் கொடுக்கத்தான் வேண்டும், அந்த அம்மாக்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். நான் கேட்பது, காரணமே இல்லாமல் கொடுத்தது எத்தனை என்று.

அடுத்து பதிவு செய்யப் போகிறவர்கள் ரூம் வாடகையைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுதால் யார் வருவார்? எங்களைக் கேட்காமல் பவுடர் பால் கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?