ஓவர்சைஸ் லெதர் ஜாக்கெட்டை எதோடு போடுவது, எங்கே போடாமல் இருப்பது

ஓவர்சைஸ் லெதர் ஜாக்கெட் மேல் ஆசை வந்ததும் பலர் செய்வது, எம் சைஸ்காரர் டபுள் எக்ஸ்எல் எடுத்துக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும். ஓவர்சைஸாகவே வெட்டித் தைத்த ஜாக்கெட்டில் தோள் தையல் இரண்டு மூன்று விரற்கடை இறங்கியிருக்கும், உடம்பு அகலமாக இருக்கும். ஆனால் கழுத்து உங்கள் கழுத்தளவில்தான் இருக்கும், கை நீளமும் கட்டைவிரல் அடியோடு நின்றுவிடும். பெரிய சைஸ் வாங்கினால் கழுத்தும் கையும் சேர்ந்தே வளர்ந்துவிடும். துணி என்றால் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மறுபடி மூடாது.

அடுத்தது பைக் சமாச்சாரம். 1928-ல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் தைத்த 'பெர்ஃபெக்டோ'தான் நாம் பைக் ஜாக்கெட் என்றதும் மனதில் வரும் அந்தத் தோற்றத்துக்கு மூலம். அது குட்டையானது, உடம்பை ஒட்டியது. காற்று உள்ளே புகக்கூடாது, குனிந்து ஓட்டும்போது ஜிப் வயிற்றில் குத்தக்கூடாது. அதற்குத்தான் அந்தச் சாய்வு ஜிப். ஓவர்சைஸ் இதற்கு நேர்மாறு. அதைப் போட்டுக்கொண்டு பெங்களூரு ரிங் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டினால் முதுகு பலூனாகப் புடைக்கும். விழுந்தால் காப்பாற்றவும் செய்யாது. ஃபேஷன் ஜாக்கெட் பெரும்பாலும் மெல்லிய ஆட்டுத்தோல். வண்டிக்குத் தடித்த தோலில், முழங்கைக்கும் தோளுக்கும் அடி தாங்கும் கார்டு (guard) வைத்த ரைடிங் ஜாக்கெட்தான் வேண்டும்.

ஆபீசுக்கு? பெங்களூரில் டிசம்பர் காலை பதினைந்து பதினாறு டிகிரி, மதியம் இருபத்தேழு. ஆக, இந்த ஜாக்கெட்டின் வேலை காலையிலும் ராத்திரியிலும் ஆபீஸ் ஏசியிலும்தான். உள்ளே மெல்லிசாக ஒன்று போதும். ஹூடிக்கு மேல் லெதர் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கிறது. குர்தா என்றால் முட்டி வரை, நேர் வெட்டு, பக்கத்தில் ஸ்லிட். ஜாக்கெட்டுக்குக் கீழே நாலு விரல் மட்டும் எட்டிப் பார்க்கும் குட்டைக் குர்தி இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். அனார்கலியும் வேண்டாம், மேலேயும் அகலம் கீழேயும் அகலம் என்றால் ஆளே காணாமல் போய்விடுவார். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அழகுக்கு மட்டுமில்லை, நம் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. அது காலரில் ஊறினால் கறை லேசில் போகாது.

ஆண்களுக்கு நேர் வெட்டு ஜீன்ஸ், பிளெயின் டீஷர்ட். முடிந்தது. வேட்டிக்கு மேல் போடலாமா என்றால், போட்டோவுக்கு ஓகே.

புடவைக்கு மேல் போடுவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். கஞ்சி போட்ட காட்டன் உள்ளே உப்பிக்கொண்டு நிற்கும், மல்மல் அல்லது லினன் எடுங்கள். ஜிப்பைப் போடவே கூடாது. ஜாக்கெட் திறந்திருக்க வேண்டும், கொசுவம் முழுசாகத் தெரிய வேண்டும். முந்தானையைப் பின்னால் ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்க விட்டு, கைகளை முழங்கை வரை தள்ளிவிடுங்கள், வளையல் தெரியட்டும். பட்டுப் புடவைக்கு மட்டும் வேண்டாம். அந்த உலோக ஜிப்பின் பல்லில் ஒரு ஜரிகை இழை மாட்டினால் போதும், அழுதே விடுவீர்கள். ரிசப்ஷனுக்குக் குளிர்ந்தால் சால்வை இருக்கிறது.

சென்னைக்காரர்களே, ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அடிக்கடி போகிறவராக இல்லாவிட்டால் இதில் காசைப் போடாதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பாலித்தீன் கவரில் பூட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அகலமான ஹேங்கரில் துணி உறை போட்டு மாட்டி, அவ்வப்போது நிழலில் காற்றாட விடுங்கள். லெதர் என்று சொல்லி ரெக்சினைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. அது நம் புழுக்கத்தில் சீக்கிரமே செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். பெரியமேட்டுத் தோல் கடைகள் பக்கம் போனால், வாங்காவிட்டாலும் நிஜத் தோலைத் தொட்டுப் பாருங்கள். மேல்பரப்பின் புள்ளிகள் ஒரே சீராக இருக்காது, வெட்டிய ஓரத்தில் நார் தெரியும். ரெக்சின் ஓரத்தில் துணி தெரியும்.

நிறத்தில் என் ஓட்டு கரும்பழுப்புக்கு. கடுகு மஞ்சள், அரக்கு, இலைப்பச்சை என்று நம் அலமாரியில் இருக்கும் காட்டன் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கறுப்புதான் வேண்டும் என்பவர்கள், பளபள பக்கிளும் பட்டியும் குறைவாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.