மோலியின் பக்கம் நிற்காத கேமரா

மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கி 2023இல் வெளிவந்த 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' படத்தில் பூர்வகுடி மக்களின் பிரதிநிதித்துவம் குறித்த பேச்சு, பெரும்பாலும் எத்தனை பூர்வகுடி நடிகர்கள் நடித்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு குற்றக் கதை யாருடைய பார்வையில் விரிகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

1920களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் என்னும் பூர்வகுடி மக்கள், தங்கள் நிலத்தடி எண்ணெயால் பெரும் செல்வர்களாக இருந்தார்கள். அந்த வருவாயில் ஒருவருக்குள்ள பங்கை விலைக்கு வாங்க முடியாது, வாரிசுரிமையாக மட்டுமே அடைய முடியும் என்பதால், வெளியாரில் சிலர் ஓசேஜ் குடும்பங்களில் திருமணம் செய்துகொண்டு, அந்தக் குடும்பத்தினரையே ஒவ்வொருவராகக் கொன்றார்கள். படத்தின் நாயகியான ஓசேஜ் பெண் மோலி பர்க்ஹார்ட்டின் சகோதரிகளில் அன்னா 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ரீட்டா 1923இல் வீட்டில் வைக்கப்பட்ட வெடிகுண்டுக்குப் பலியானார். சூழ்ச்சியின் தலைவர் வில்லியம் ஹேல், மோலியின் கணவர் எர்னஸ்ட்டின் மாமா.

இதே கொலைகளை 1959இல் ஹாலிவுட் தொட்டபோது, அவை அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் பெருமையைப் பாடும் படத்தில் ஒரு பகுதியாக மட்டுமே இடம்பெற்றன. ஸ்கார்செஸியின் திரைக்கதையும் தொடக்கத்தில் புலனாய்வு அதிகாரி டாம் வைட்டைச் சுற்றியே எழுதப்பட்டு, நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ அந்த வேடத்தை ஏற்பதாக இருந்தது. பின்னர் அதை மாற்றி எழுதி, ஓசேஜ் மக்களைச் சந்தித்து, அவர்களுடைய மண்ணிலேயே படமாக்கி, மொழிக்கும் உடைக்கும் அவர்களின் வழிகாட்டுதலைப் பெற்றார்கள். இந்த அக்கறை வெறும் அலங்காரமன்று. மோலியும் சகோதரிகளும் ஓசேஜ் மொழியில் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும் காட்சிகளில், பலியானவர்கள் சடலங்களாக மாறும் முன்பே மனிதர்களாக நமக்கு அறிமுகமாகிறார்கள். குற்றப் படங்களில் இது அரிது. மோலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டோன் 2024 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பூர்வகுடி நடிகை அவர். (அவர் ஓசேஜ் இனத்தவர் அல்லர், பிளாக்ஃபீட், நெஸ் பெர்ஸ் வழி வந்தவர். 'பூர்வகுடி' என்ற ஒரே பெயருக்குள் எல்லா இனங்களையும் அடைத்துவிடும் நம் பழக்கத்தால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

ஆனாலும், துப்பறியும் அதிகாரியை நகர்த்திய இடத்தில் கொலைக்குத் துணைபோன கணவர் எர்னஸ்ட் வந்து அமர்ந்துவிட்டார். படத்தின் ஓசேஜ் மொழி ஆலோசகர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கோட், கதை மோலியின் பார்வையில் சொல்லப்பட வேண்டுமென்று தாம் விரும்பியதாகவும், அதற்கு ஓர் ஓசேஜ் இனத்தவர்தான் தேவைப்படுவார் என்றும் வெளிப்படையாகக் கூறினார். அவர் சொன்னது சரி. குற்றத்தில் பங்குள்ள சமூகம் தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதற்கு எர்னஸ்ட்டின் பார்வை உதவுகிறது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதற்காக, 206 நிமிடப் படத்தின் பிற்பகுதியில் மோலி நெடுநேரம் நோய்ப்படுக்கையில் கிடக்க, எர்னஸ்ட்டின் தடுமாற்றங்களை மட்டும் நாம் அணுக்கமாகப் பின்தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோலியின் பார்வையில் சொல்லியிருந்தால் குற்றத்தின் எல்லையே விரிந்திருக்கும். சொந்தப் பணத்தைச் செலவிடவும் அவர் வெள்ளையரான காப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தம் பணத்தைக் கையாளத் 'தகுதியற்றவர்' என்று தம்மை மோலி தம் வாயாலேயே சொல்லும் காட்சி படத்தின் முற்பகுதியில் இருக்கிறது. கொலைகளுக்கு வழிவகுத்தது சட்டத்தின் துணையோடு நடந்த அந்தக் கொள்ளைதான். படமோ அதைத் தொட்டுவிட்டு ஹேலின் சதிக்குள் நுழைந்துவிடுகிறது. கணவரைக் கைவிட்டு, மறுமணமும் செய்துகொண்ட மோலி, 1931இல் தம் 44ஆவது வயதில் நீதிமன்றத்தின் மூலம் காப்பாளரின் பிடியிலிருந்து விடுபட்டு, தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமையைப் பெற்றார். அந்த வெற்றிக்குப் படத்தில் ஒரு காட்சி கூட இல்லை.