தலைப்பு கொடுத்தது நீங்கதானே?

ஞாயித்துக்கிழமை இங்க மும்பையில நம்ம தமிழ்ச் சங்க விழா பேச்சுப்போட்டியில ஒரு பிள்ளையோட பேச்சைப் பாதியில நிறுத்தினாங்களே, அதைப் பத்தி எதுவும் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். இல்லாதவங்களுக்கு இந்நேரம் வாட்ஸப்புல வந்து சேர்ந்திருக்கும். ஆனா நேத்து ராத்திரி குரூப்புல ஒரு பெரியவர், "பிள்ளைகளை மேடை ஏத்துறதுக்கு முன்னாடி எதைப் பேசணும், எதைப் பேசக்கூடாதுன்னு வீட்டுல சொல்லிக் கொடுத்து அனுப்புங்க"ன்னு போட்டிருக்கார். அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு, கைதட்டு, "சரியாச் சொன்னீங்க ஐயா". அதுக்கப்புறமும் வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியலை.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். "என் வீடு, என் நாள், என் விருப்பம்"ங்கிற தலைப்பைப் பிள்ளைகளா கேட்டாங்க? நீங்க கொடுத்தீங்க. நோட்டீஸ் அடிச்சு, குரூப்புல போட்டு, "பிள்ளைகள் மனம்விட்டுப் பேசட்டும்"னு அதுலயே ஒரு வரி வேற. ஆறாவது படிக்கிற பிள்ளை அதை நம்பிட்டா. அவ செஞ்ச குத்தம் அவ்வளவுதான்.

அவ என்ன பேசினாள்னு சொல்லிடுறேன். எனக்கு மனப்பாடம், எங்க வீட்டு அடுப்படியில நின்னுதான் பேசிப் பார்த்தாள். அவ சொன்னது இதுதான்: "எங்க அப்பா மூணரை மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார். வீடு பூரா ஆவியா இருக்கும், பரீட்சை நேரத்துல அந்த வெளிச்சத்துலயே நானும் படிப்பேன். அப்பா சைக்கிள்ல பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே வடாலா பக்கம் போவார். அப்புறம் தண்ணி வரும். அம்மாவுக்கு டிரம், எனக்குக் குடம், தம்பிக்கு பாட்டில். பொதுக் கழிப்பறைக்கு ஆறு மணிக்குள்ள போயிட்டா வரிசை இருக்காது, அதுக்கு மேல போனா ஸ்கூலுக்கு லேட். ஐபிஎல் வந்தா அப்பா சென்னை, நான் மும்பை. ரெண்டு டீமும் அஞ்சஞ்சு கப்பு ஜெயிச்சிருக்கிறதால எங்க வீட்டுச் சண்டை தீரவே தீராது."

இதுல எது அசிங்கம்? எதுக்கு முன்வரிசை நெளிஞ்சுது?

கழிப்பறைன்னதும் சிரிச்சாங்க. சரி, சிரிக்கட்டும், அவளும்தான் சிரிச்சாள். ஆனா தொகுத்து வழங்கினவர் மைக்கை வாங்கி, "பாப்பா, அதெல்லாம் எதுக்கும்மா, நல்லதா ஏதாவது சொல்லு, ஒரு குறள் சொல்லேன்"ன்னார். அவ அப்படியே நின்னாள். பிறகு ஒரு குறள் சொன்னாள், கை தட்டினீங்க, இறங்கிட்டாள். "என் விருப்பம்"னு மூணாவதா ஒரு பகுதி இருந்துச்சே, அதுக்கு அவ போகவே இல்லை.

அது என்னன்னு நான் சொல்றேன். அவளுக்கு ரயில் பிடிக்கும். சும்மா ஏறிப் போகப் பிடிக்கும்ங்கிற மாதிரி இல்லை. கிளம்புற சத்தத்தை வெச்சே இது சீமென்ஸ் கம்பெனி மோட்டார் வெச்ச ரயிலா இல்லையான்னு சொல்லுவாள். நம்ம ஜிடிபி நகர் ஸ்டேஷன் இருக்கே, எங்க காலத்து ஆளுங்க இன்னும் கோலிவாடான்னு சொல்றோமே, அந்த நடைமேம்பாலத்துல சாயங்காலம் அவளை நிக்க வெச்சா இறக்குறது கஷ்டம். நம்ம லோக்கல் ரயில் ஓடுற ஹார்பர் லைன் வடாலாவுல ரெண்டாப் பிரியுது, ஒண்ணு கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியா அந்தேரி, கோரேகாவ் பக்கம். இன்னொண்ணு நம்ம வழியா குர்லா, வாஷி, பன்வேல். அடுத்த ஸ்டேஷன் சுனாபட்டியில தண்டவாளத்துல தண்ணி ஏறிட்டா ஹார்பர் நின்னுடும், டீச்சருங்க வர முடியாது. அதனால ஜூலை மாசம் காலையில எந்திரிச்சதும் அவ மழையைப் பாக்க மாட்டாள், என் போனை வாங்கி சுனாபட்டியைப் பாப்பாள்.

அவ மேடையில சொல்லக் காத்துக்கிட்டு இருந்த விஷயம் வேற. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி இந்தியாவுலயே முதல் மின்சார ரயில் ஓடுச்சு. எங்க இருந்து எங்க? விடியில (இப்போ சிஎஸ்எம்டின்னு சொல்ற ஸ்டேஷன்) இருந்து குர்லாவுக்கு. எந்த லைன்? ஹார்பர் லைன். நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஓடுதே, துணி காயப்போட்டா கரி படியுதுன்னு திட்டுறோமே, அதே லைன்! அப்போ 1,500 வோல்ட் டிசி, இப்போ 25,000 வோல்ட் ஏசி. ஏன் மாத்தினாங்கன்னு நான் கேட்டேன். வோல்டேஜைக் கூட்டினா அதே பவருக்குக் கம்பியில ஓடுற கரண்டு குறையும், வீணாப் போறதும் குறையும்னு சொன்னாள். ஆறாவது பாடத்துல இதெல்லாம் கிடையாது. இத்தனை வருஷம் இந்த ஏரியாவுல இருக்கேன், எனக்கு இது தெரியாது. முன்வரிசையில வேட்டி சட்டையில உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்கும், அவளைப் பேச விட்டிருந்தா.

அடுத்து பேசின பையனுக்குத்தான் முதல் பரிசு. அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குழந்தை, எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சான். அதிகாலை எழுவானாம், இறைவனைத் தொழுவானாம், மாலையில் நூலகம் சென்று நல்ல நூல்களைக் கற்பானாம். எந்த நூலகம் தம்பி, நானும் வரேன்னு கேக்கணும்போல இருந்துச்சு. நடுவர் யாரும் கேக்கலை.

இந்தக் கதை எனக்குப் புதுசு இல்லை. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது "எனது பொழுதுபோக்கு"ன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. கோலி விளையாடுறதைப் பத்தி எழுதினேன். பையன்களோட விளையாடி ஒரு பால்டப்பா நிறைய கோலி ஜெயிச்சு வெச்சிருந்தேன். எங்க டீச்சர் அதைச் சிவப்பு மையில அடிச்சுட்டு "தபால்தலை சேகரித்தல்"னு எழுதினாங்க. நான் வாழ்க்கையில ஒரு தபால்தலை சேத்ததில்லை. எங்க வீட்டுக்கு ஊர்ல இருந்து வர்றது மஞ்சள் கார்டு, அதுல ஸ்டாம்பு கிழிக்கவும் முடியாது. ஆனா அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் பரீட்சையில பொழுதுபோக்குன்னு வந்தா தபால்தலைதான். நல்ல மார்க் வந்துச்சு, அதையும் சொல்லணும்.

அதே நோட்டுல இன்னொரு வரியும் அடிபட்டுச்சு. எங்கப்பா தாராவியில தோல் ஷாப்புல வேலை பாத்தார். "அப்பா வரும்போது தோல் வாசம் வரும், குளிச்ச பிறகுதான் எங்களைத் தூக்குவார்"னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுட்டு "என் தந்தை அலுவலகத்தில் பணிபுரிகிறார்". எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் நோட்டை நான் வாசிச்சுக் காட்டணும், அதுல அவருக்கு ஒரு சந்தோஷம். அன்னிக்கு டீச்சர் எழுதினதையே வாசிச்சேன். அவர் சிரிச்சுட்டு அம்மாகிட்ட, "ஏளா, நாளையில இருந்து எனக்குப் பேண்டுதான் எடுத்து வைக்கணும், ஆபீசுக்குல்லா போறேன்"ன்னார். வீடே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை, இப்பவும் வரலை.

சரி, இதுக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். சங்கத்துக்காரங்க சொந்தக் காசு போட்டு, லீவு எடுத்து, மண்டபம் புடிச்சு நடத்துறாங்க, குறை சொல்றது சுலபம்னு சொல்வீங்க. உண்மைதான். ஒத்துக்கறேன். நாற்காலி தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தி.

நேரம் முடிஞ்சு போச்சுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நூலகம் போற தம்பிக்கு மணி அடிச்ச பிறகும் ரெண்டு தடவை "முடிச்சுக்கோப்பா"ன்னு செல்லமாச் சொன்னீங்களே, அப்போ கடிகாரம் எங்க போயிருந்துச்சு?

தமிழ்ல மராத்தி, ஹிந்தி கலந்து பேசுறாள்னு இன்னொரு புகார். ஐயா, இந்த ஊர் மாநகராட்சி எட்டு மொழியில பள்ளிக்கூடம் நடத்துது. அதுல தமிழும் ஒண்ணு. அந்தத் தமிழ் வகுப்புல இன்னிக்குத் தேதிக்குப் பிள்ளையை உக்கார வெச்சிருக்கிறது யாரு? இட்லி விக்கிறவன், வார்டுபாய், வீட்டு வேலைக்குப் போற அக்கா. மேடையில தமிழ் வாழ்கன்னு பேசுறவங்க வீட்டுப் பேரப்பிள்ளைங்க எல்லாம் ஐசிஎஸ்இ. படிக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா தமிழ்ல படிக்கிற பிள்ளைக்கு நீங்க தமிழ் சொல்லித் தர வராதீங்க.

"மைலாப்பூர்ல இருந்து விருந்தினர் வந்திருந்தாங்க, அவங்க முன்னாடி நம்ம மானம் என்ன ஆகுறது?" இதைத்தான் எல்லாரும் மனசுல வெச்சிருக்கீங்க, ஒருத்தர்தான் வாய்விட்டுச் சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி. நான் கேக்குறது என்னன்னா, யாரோட மானம்? வரிசையில நிக்கிறது அவ. தண்ணி தூக்குறது அவ. அவளுக்கு அதைச் சொல்றதுல ஒரு கூச்சமும் இல்லை, காலையில பல்லு விளக்கினேன்கிற மாதிரி சொல்லிட்டுப் போனாள். கூச்சத்தை நீங்கதான் மைக்கோட சேத்துக் கொடுத்து அனுப்பினீங்க. ஊருக்குப் போனா "பம்பாய்ல பிளாட்டுல இருக்கோம்"னு சொல்ற பழக்கம் நம்ம தலைமுறையோட போகட்டுமே. நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேர் பத்துக்குப் பத்து அறையில பொறந்து வளந்து, அங்க இருந்து பேங்குக்கும் ரயில்வேக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் போனவங்கதானே? அதை எங்கயும் எழுதலை நாம. விழா மலரைப் புரட்டிப் பாருங்க, எல்லாருமே பிறந்ததுல இருந்து கோட்டு போட்ட மாதிரி போட்டோ.

உனக்குச் சொந்தக்காரப் பிள்ளை, பரிசு கிடைக்கலைன்னு எரிச்சல்னு சொல்லப் போறவங்களுக்கு: சொந்தம் இல்லை. பக்கத்து வீடு. அத்தைன்னு கூப்பிடுவாள், அவ்வளவுதான். பரிசு ஒரு டிபன் பாக்ஸ். அது அவங்க வீட்டுல ஏற்கனவே நிறைய இருக்கு.

இன்னொண்ணு சொல்லவா? ஞாயித்துக்கிழமை காலையில மண்டபத்துல நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்களே இட்லி, தேங்காய் சட்னி, "பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினீங்களே, அது எந்த வீட்டு ஆவியில வெந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அதே வீடுதான். முந்தின நாள் ராத்திரி பூரா அந்தக் குடும்பமே தூங்கலை, அவ சட்னிக்குத் தேங்காய் துருவிட்டு விடியிறதுக்குள்ள தலைக்குக் குளிச்சு ரிப்பன் கட்டிக்கிட்டு வந்தாள். இறங்கி வந்ததும் என்கிட்ட கேட்டாள், "அத்தே, எங்கப்பா இட்லின்னு சொன்னதும் கை தட்டுவாங்கன்னு நினைச்சேனே, காலையில எல்லாரும் சாப்பிட்டாங்கல்ல?" நான் என்ன பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க. குரூப்புல அவ்வளவு கும்பிடு போட்டீங்களே, யாராவது ஒருத்தர் சொல்லுங்க.

சங்கம் போட்ட வீடியோவுல அவ பேச்சை வெட்டி, குறள் சொல்ற இடத்தை மட்டும் வெச்சிருக்காங்க. கீழ "மழலைச் செல்வத்தின் தமிழ்ப்பற்று"ன்னு தலைப்பு. நிஜமாவே அப்படித்தான் போட்டிருக்கு, போய்ப் பாருங்க. முழு வீடியோவைப் போடுங்கன்னு அட்மினுக்கு ரெண்டு மெசேஜ் அனுப்பிட்டேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் விழலை.

இதை எழுதப் போறேன்னு அவ அப்பாகிட்ட சொன்னேன். "அக்கா, விட்டுருங்க, பொங்கலுக்கு ஆயிரம் இட்லி ஆர்டர் சொல்லியிருக்காங்க, அது போயிடும்"னான். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில, பேர் போடாம எழுதிக்கோங்கன்னான். அதனால பேர் இல்லை. இதை மனசுல வெச்சு அந்த ஆர்டரை யாராவது வேற கடைக்கு மாத்தினா, அதையும் இங்க வந்து எழுதுவேன், அப்போ பேரோட எழுதுவேன். முதல்ல போன ஞாயித்துக்கிழமை டிபனுக்குப் பாதிப் பணம் பாக்கி இருக்கு, பொருளாளர் இதைப் படிச்சா இன்னிக்கே ஜிபே பண்ணிவிடுங்க. நம்பர் உங்ககிட்ட இருக்கு.