அது அழுக்கு அல்ல

பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் பின்கழுத்தை அவனுடைய தாய் நாரால் அழுத்தித் தேய்த்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தோல் சிவந்ததே தவிர, மடிப்புகளில் வெல்வெட்டுப் போலத் தடித்திருந்த கருமை போகவில்லை. அது அழுக்கு அல்ல. உடல் எடை மிகும்போது இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணிவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்க, மிகுந்த இன்சுலின் தோல் செல்களைப் பெருகத் தூண்டிக் கழுத்தையும் அக்குளையும் கறுக்கச் செய்கிறது. பையனுக்குக் கிடைத்ததோ, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்ற வசவு.

குழந்தைகளின் உடல் பருமன் என்றாலே, பின்னாளில் வரப்போகும் நீரிழிவையும் மாரடைப்பையும் சொல்லிப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கெடுதல் இன்றே தொடங்கிவிடுகிறது என்பதும், அதை நாம் வேறு பெயர்களில் அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுமே என் ஆதங்கம்.

எட்டு வயதில் வகுப்பிலேயே உயரமாக, பூசினாற்போல நிற்கும் சிறுமியை 'நல்ல வளர்த்தி' என்கிறோம். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடல் தயாராகிவிட்டது என்ற செய்தியை மூளைக்குச் சொல்வதால், பருமனான சிறுமிகள் சற்று முன்னதாகவே பூப்பெய்துவதுண்டு. எலும்புகள் நீளக் காரணமான, அவற்றின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளும் அதற்கேற்ப முன்னதாக மூடிக்கொள்வதால், அன்று முந்திய உயரம் பெரியவளானபின் மிஞ்சுவதில்லை. இரவில் குறட்டை விட்டால் 'அசந்து தூங்குகிறான்' என்கிறோம். உண்மையில் மூச்சு தடைபட்டுத் தடைபட்டுத் தூக்கம் கலைந்திருக்கலாம், மறுநாள் பாடத்தில் கவனம் நிற்காததற்குச் சோம்பேறி என்ற பட்டம் வேறு. முழங்கால் வலியை வளரும் வயதின் வலி என்று தள்ளிவிடுகிறோம். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவும்போதும் வலி முழங்காலில்தான் தெரியக்கூடும் என்பதும், எடை மிகுந்த வளரிளம் பருவத்தினருக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதும் பலருக்குத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு தவறு உண்டு. முதல் பிறந்தநாளை ஒட்டிக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை அதன்பின் மெல்ல மெலிந்து, ஐந்து ஆறு வயதில் மிக ஒல்லியாகத் தோன்றி, மீண்டும் சதைப்பிடிப்பது இயற்கை. அந்த ஒல்லிக் காலத்தில்தான் நாம் கலங்கிப்போய், போதும் என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கும் ஊட்டித் தள்ளுகிறோம். மூன்று நான்கு வயதிலேயே மீண்டும் சதை போடத் தொடங்கும் பிள்ளைகளுக்கே பிற்காலப் பருமன் வாய்ப்பு அதிகம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் உடல் பருமன் உள்ளவர்கள் 1990இல் 2 சதவீதம். 2022இல் 8 சதவீதம். முப்பதே ஆண்டுகளில் பிள்ளைகளின் மன உறுதி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று யாரும் வாதிட முடியாது. வீட்டுக்குள் என்ன வருகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. ஆகவே 'குண்டு' என்று அவனைக் கேலி செய்வதை அறிவுரை என்று சொல்லிக்கொள்வது, என்னைக் கேட்டால், கோழைத்தனம்.

கழுத்துக் கருமையோ குறட்டையோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டி, உயரத்தையும் எடையையும் வயதுக்குரிய வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோல் இங்கே பொருந்தாது. பட்டினியும் வேண்டாம். இன்னும் உயரம் கூடிக்கொண்டிருக்கும் பல பிள்ளைகளுக்கு எடை குறைய வேண்டிய அவசியம்கூட இல்லை. எடை இருந்த இடத்திலேயே நின்றால் போதும், உயரம் அதை எட்டிப் பிடித்துவிடும்.